யாரு மகன் என்று கேட்காத பெட்டி

வீரசோழனில் யாரும் முதலில் பெயரைக் கேட்பதில்லை. “யாரு மகன்?” என்றுதான் கேட்பார்கள். என் அப்பத்தாவுக்கு அதுகூடத் தேவையில்லை. வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்குள் முகத்தைப் பிரித்துப் போட்டுவிடும். மூக்கு நரிக்குடியார் வீட்டு மூக்கு, நெற்றி தாய்மாமன் நெற்றி, முழிதான் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாத்யூ டர்க், அலெக்ஸ் பென்ட்லாண்ட் இருவரும் இதையே கணக்காகப் போட்டார்கள். எல்லா முகங்களையும் கலந்து ஒரு சராசரி முகம். அதிலிருந்து ஒவ்வொருவரும் எந்தெந்த வகையில் எவ்வளவு விலகுகிறார்கள் என்பதுதான் அவரவர் அடையாளம். அப்பத்தாவுக்குக் கட்டுரை எழுத நேரமில்லை, அவ்வளவே வித்தியாசம்.

லீவில் ஊருக்கு வந்திருந்த நான், ஜாவா தெரிந்த திமிரில், அப்பத்தாவுக்குப் போட்டியாக ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். 1995இல் ஜாவா வந்தபோது, ஒருமுறை எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் முகம் பார்க்கிற வேலையைச் செய்யும் ஓப்பன்சிவி, சி++ மொழியில் எழுதப்பட்டது. விண்டோஸுக்கு ஒரு கோப்பு, லினக்ஸுக்கு வேறொரு கோப்பு. அது எங்கே கிடக்கிறது என்று சொல்லாவிட்டால் ‘அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எரர்’ என்று முறுக்கிக்கொள்ளும். முதல் நாள் முழுவதும் நான் பார்த்த ஒரே முகம் அதுதான்.

படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று தேடும் வழியை 2001இல் பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் கண்டுபிடித்தார்கள். கண் இருக்கும் பட்டை கன்னத்தைவிட இருட்டு. மூக்குத்தண்டு கண்களைவிட வெளிச்சம். இப்படிப்பட்ட கேள்விகளை அடுக்கடுக்காகக் கேட்டு, தேறாததை அப்போதைக்கப்போதே தள்ளிவிடுவார்கள். அந்தக் காலத்து 700 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்திலேயே நொடிக்கு 15 படம் பார்த்ததாம்.

திண்ணையில் மடிக்கணினியை வைத்து ஓட்டினேன். காலண்டர் முருகனுக்குப் பச்சைக் கட்டம் விழுந்தது. எதிர்ச்சுவரில் காதுகுத்து ஃபிளெக்ஸ். அதில் சிரித்த மாமன் மச்சான் அத்தனை பேருக்கும் கட்டம். நேர் எதிரே உட்கார்ந்திருந்த அய்யாவுக்கு மட்டும் இல்லை. நான் போட்ட கோப்பு நேர்முகத்துக்கானது. அய்யா தலையில் துண்டோடு பக்கவாட்டில் பார்த்தபடியே இருப்பவர். கொடுக்கல் வாங்கல் காலத்திலிருந்தே யாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பழக்கமில்லை.

யாருடைய முகம் என்று சொல்ல எல்பிபிஹெச் என்ற முறையை எடுத்துக்கொண்டேன். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சுற்றியிருக்கும் 8 புள்ளிகளோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும்: என்னைவிட நீ வெளுப்பா, கறுப்பா? வெளிச்சம் ஒரே அளவில் கூடினாலும் குறைந்தாலும் ஒப்பீடு மாறாது என்பதால் எங்கள் ஊர் வெயிலுக்குத் தோதானது. திருநீற்றுக்குத்தான் தோதில்லை. காலையில் குளித்துப் பட்டையடித்த அய்யாவைப் படம்பிடித்துப் பழக்கினேன். மத்தியானம் வியர்வையில் பட்டை அழிந்ததும், அது அவரைச் சித்தி என்றது.

அடுத்த சிக்கல் எண். இதில் எண் குறையக் குறையத்தான் பொருத்தம் அதிகம். சித்தப்பாவுக்கு 34 வந்ததும் முகம் வாடிவிட்டது, ஒரு மார்க்கில் ஃபெயிலாகிவிட்டதாக. “ஏய்யா, கொறச்சு வாங்குனவந்தான் நம்ம ஆளா?” என்று அப்பத்தா கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும்: இந்த முறைக்குத் தெரியாது என்று சொல்லத் தெரியாது. எவ்வளவு தூரம் வரை ஏற்கலாம் என்று நாம் எல்லை வைக்காவிட்டால், அது தானாக வைத்துக்கொள்ளும் எல்லை 309 இலக்க எண். இருப்பதில் யார் கிட்டமோ அவர் பெயரைச் சொல்லிவிடும். 2021இல் நம் தமிழ்நாடு காவல்துறையும் முகம் அறியும் மென்பொருளைக் கையிலெடுத்தது. எல்லை எங்கே வைப்பது என்பது அங்கே விளையாட்டுக் காரியமில்லை. எங்கள் வீட்டில் ஆள் மாறினால் ஒருவருக்கு மோர் கிடைக்கும். ஸ்டேஷனில் வேறு கிடைக்கும்.

மோர் கிடைத்தவர் ஓர் ஆட்டு வியாபாரி. சந்தை முடிந்து, விற்காத பால்கன்னிக் குட்டி ஒன்றோடு எங்கள் வாசலுக்கு வந்தார். கறுப்பு முகத்தில் இருபுறமும் வெள்ளைக் கோடு போட்ட, பார்த்ததும் பிடித்துப்போகிற குட்டி. புரோகிராம் குட்டியைக் கண்டுகொள்ளவில்லை. வியாபாரிக்குக் கட்டம் போட்டு, ‘சித்தப்பா’ என்று எழுதியது. எண் 97. நான் சிரித்தேன். அப்பத்தா சிரிக்கவில்லை.

“எந்த ஊருய்யா?”

“அபிராமம் பக்கம் ஆத்தா.”

“உங்காத்தா பொறந்தது?”

அப்புறம் இரண்டு கேள்விதான். அவருடைய அம்மா அப்பத்தாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி! அப்படியானால் மகன் முறை. எனக்குச் சித்தப்பா.

9,000 ரூபாய்க் குட்டியை 7,000 வரை இறக்கியிருந்த அப்பாவை அப்பத்தா ஒரு பார்வை பார்த்தது. “தம்பிகிட்டப் போயி என்னடா பேரம்?” அப்பா உள்ளே போய் முழுப் பணத்தையும் எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தார்.

கயிற்றுக்குத் தனியாக 50 ரூபாய் என்றார் சித்தப்பா.