சாரல் காலத்து கிட்டார் மராமத்து

குற்றாலச் சாரல் மனிதருக்கு மருந்து, கிட்டாருக்கு நோய். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே ஈரத்தைக் கொண்டுவரும்போது தென்காசியில் நமத்துப்போவது அப்பளம் மட்டுமல்ல. 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் நலமாக இருக்கும் மரப்பெட்டி அதற்குமேல் ஊதும். மேற்பலகை தொப்பை போடும், பிரிட்ஜ் பெயரும், கம்பிகளில் துரு ஏறும்.

எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ. அத்தனை பாரத்தையும் தாங்கும் பிரிட்ஜுக்கு ஊர் வைத்தியம் இரண்டு திருகாணியும் ஒரு சொட்டு உடனடிப் பசையும். பழைய பசையைச் சுரண்டி, மரப்பசை பூசி, கிளாம்ப் இட்டு ஒரு நாள் காத்திருப்பதே முறை. காத்திருத்தல் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதால் அது கைவிடப்படுகிறது.

வளைந்த கழுத்துக்கு உள்ளிருக்கும் இரும்புத் தண்டைச் சிறிது சிறிதாக, கால் சுற்றுக்கு மிகாமல் திருக வேண்டும். ஒரே மூச்சில் திருகி முடிப்பவருக்குப் புது கிட்டார் வாங்கும் நியாயமான காரணம் கிடைக்கிறது.

அடுத்தது தரம் உயர்த்தல். கம்பிகள் இரு முனையிலும் அமரும் எலும்பு நட், எலும்பு சேடில், நல்ல டியூனர், புதுக் கம்பி, கடைசியாக ஒலிபெருக்கியோடு இணைக்கும் பிக்கப் என்பது அதன் முறையான வரிசை. நடைமுறை வரிசையில் பிக்கப் முதலில் வரும். விரிசலை மறைக்கும் ஸ்டிக்கர் அடுத்து. சுருதி சேர்ப்பது வருவதே இல்லை. விளைவு, முன்பு வீட்டுக்குள் கேட்ட அபசுரம் இப்போது தெரு முழுக்கக் கேட்கும்.

சீசனில் நனைய விரும்புவோர் ஐந்தருவிக்குப் போகலாம். கிட்டார் மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வீட்டிலேயே இருக்கட்டும்.