சுடோ சித்தப்பா

விண்டோஸ் வைத்திருப்பவர்களைக் கண்டால் சுடோ சித்தப்பாவுக்கு இரக்கம் சுரக்கும். "பாவம், வைரஸுக்குப் பயந்து வருஷா வருஷம் காசு கட்டுறாங்க" என்பார். அவருடைய பெட்டியில் ஓடுவது லினக்ஸ், அதாவது உபுண்டு 14.04. பழைய பாட்டுக் கேட்கவும் கடிதம் அடிக்கவும் மட்டும் அதன் மேல் போர்த்திய துண்டு விலகும். அதுபோக, ஞாயிறு காலை டெர்மினலைத் திறந்து அப்டேட் கட்டளை கொடுப்பார். புதிதாக ஒன்றுமில்லை என்று பதில் வரும். "பாத்தியா, எல்லாம் அப்டுடேட்!" வருமா பின்னே? அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவை 2019 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். மளிகைக்கடையை இழுத்து மூடியபின், கடன் ஏறவில்லை என்று பூரிக்கிற கணக்குதான்.

இந்த நிம்மதிக்கெல்லாம் ஆயுள், அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்து, "சித்தப்பா, உங்க சிஸ்டத்தைக் கொஞ்சம் யூஸ் பண்ணிக்கவா?" என்று கேட்கும் வரைதான். பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு. சந்தேகப்பட இது போதாதா?

முதல் வேலையாக, நுழைவுத் திரையில் இருந்த விருந்தினர் கணக்கை ஒழித்தார். "பாஸ்வேர்டு இல்லாம எவன் வேணா உள்ள வரதா?" பையனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதில் நுழைந்தவரால் பிறர் கோப்புகளைப் பார்க்க முடியாது. வெளியேறினால் அவர் செய்ததெல்லாம் அழிந்துவிடும். இருந்த ஒரே நல்ல பூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளியிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச் போர்ட்டை 22-லிருந்து 2222-க்கு மாற்றினார். அந்த வீட்டில் அதைத் தட்ட ஆளே கிடையாது.

பிறகு பையனுக்குத் தனிக் கணக்கு. "அக்கவுண்ட்தான் குடுத்திருக்கேன், அட்மின் அதிகாரம் தர்ற சுடோ குடுக்கல. சாவி என் இடுப்புல இருக்கு."

சாவி இல்லாமலும் திறக்கும் என்பது அவருக்குத் தெரியாது. பிகேஎக்ஸெக் என்ற சின்ன நிரலில் 2009 முதல் இருந்த ஓட்டை 2022 ஜனவரியில் அம்பலமானது. சுடோ இல்லாத சாதாரணக் கணக்கும் அதன் வழியே எல்லா அதிகாரமும் உள்ள ரூட் ஆகிவிடலாம். சுடோவிலேயே 2011-இல் புகுந்த ஒரு பிழை 2021-இல்தான் அகப்பட்டது. ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு ஒட்டுப் போட்டார்கள். சித்தப்பாவின் பெட்டியை எட்டவில்லை. முக்கியமான கோப்புகளைப் பிரதியெடுத்துக்கொண்டு புதுப் பதிப்பைச் சுத்தமாக நிறுவினால் ஒரு மாலைப் பொழுதில் முடிகிற காரியம். "ஓடுற வண்டியை எதுக்குடா பிரிக்கணும்?" என்பார்.

பையன் நல்லவன். எந்த ஓட்டையையும் தேடவில்லை. கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான், அவ்வளவே. 21.04-க்கு முந்தைய உபுண்டுவில் ஒருவருடைய ஹோம் கோப்புறையை அதே கணினியின் மற்ற பயனர்களும் படிக்கலாம். அதற்கு 700 என்று அனுமதியை மாற்றினால் தீர்ந்தது. போர்ட் மாற்றிய களைப்பில் அது விட்டுப்போயிற்று.

இரவு தோசைக்கு உட்கார்ந்தபோது பையன் கேட்டான்: "சித்தப்பா, வேலையை விடப் போறீங்களா? ராஜினாமா கடிதம் ஏழு வச்சிருக்கீங்களே?"

தோசைக்கரண்டியோடு சித்தி திரும்பினார். "என்ன காரணம் போட்டிருக்கு?"

"உங்களுக்கு ரொம்ப முடியலையாம், சித்தி."