காசைத் தொடாத பேங்க்காரர்

திருகோணமலையில் ‘பேங்க் வேலை’ என்றால் கண்ணாடிக் கூண்டு, ரப்பர் முத்திரை, அடகுக் காப்பை நிறுக்கும் தராசு, பின்னேரம் மூன்று மணிக்குச் சாத்தும் கதவு, போயாவுக்கு லீவு. ஆகவே கொழும்பு முதலீட்டு வங்கியில் வேலை பார்க்கும் பிள்ளை உள்துறைமுக வீதி வீட்டுக்கு வந்து இறங்கியதும், அயலவர் இரண்டு பேராவது அடகுச் சிட்டையோடு வாசலில் நிற்பார்கள்.

இவரோ இரவு ரயிலில் ஒரு பொட்டுக் கண் மூடவில்லை. கல் ஓயாவில் பாதை மட்டக்களப்புக்கும் திருமலைக்குமாகப் பிரியும்போது பெட்டி முழுக்கக் குறட்டை. இவர் மடியில் மட்டும் லப்டொப் வெளிச்சம். 63ஆம் பக்கத்தில் ஒரு அட்டவணையின் கோடு அரை மில்லிமீற்றர் விலகி நிற்கிறதாம்.

என்னதான் வேலை? ஒரு கொம்பனி முதன்முறை பங்கு விற்கும்போது, இன்னொன்றை வாங்கும்போது, அரசாங்கம் பிணைமுறி வெளியிடும்போது, அதற்கொரு விலை போட்டு, ஆள் பிடித்து, பத்திரம் எழுதவேண்டும். காசு இவர் கையில் படாது. அது போகவேண்டிய வழியைக் காட்டிக் கூலி வாங்குவார். கலியாணத் தரகருக்கு எக்செல் தெரிந்தால் அவரும் இதைச் செய்வார்.

மொட்டைமாடியில் நின்றால் மற்றவர்களுக்குத் துறைமுகம் தெரியும். இவருக்குத் துறைவாரியாகத் தெரியும். “அது பிறிமா மா ஆலை, பங்குச் சந்தையில இல்ல. டோக்கியோ சீமெந்து, இருக்கு.” சீனக்குடாப் பக்கம் திரும்பியதும் குரல் கனிந்துவிடும். ஆங்கிலேயர் விட்டுப்போன 99 எண்ணெய்க் குதங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மிச்சம் 61 இரண்டுக்கும் பொதுவான கொம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49. ஊரிலே வளர்ந்தவர் ஒரு குதத்தையும் கிட்டப்போய்ப் பார்த்ததில்லை. 1942இல் ஜப்பானிய விமானம் வந்து விழுந்து எரிந்த குதத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் வாடும். அது எந்த நிரலிலும் சேராது.

மா ஆலையில் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்ற மாமாவிடம்தான் பிள்ளை மாட்டிக்கொள்வார்.

“கிழமைக்கு எத்தின மணித்தியாலம், தம்பி?”

தன் கணக்கைச் சொல்ல வெட்கப்பட்டு, அமெரிக்கக் கதை சொல்லித் தப்பப் பார்த்தார். 2021இல் கோல்ட்மன் சாக்ஸின் முதலாம் ஆண்டு ஊழியர் 13 பேர் தாங்களே ஒரு கணக்கெடுத்தார்கள்: வாரத்துக்குச் சராசரி 95 மணித்தியாலம் வேலை, இரவுக்கு 5 மணித்தியாலம் தூக்கம். ஜேபி மோர்கன் 2024இல் இளையவர்களுக்கு 80 மணித்தியால வரம்பு போட்டபோது, அதைப் பெரிய சலுகை என்றே எழுதினார்கள்.

மாமா பஸ் டிக்கெற்றின் பின்பக்கம் கணக்குப் போட்டார். நம் நாட்டுச் சட்டத்தில் கடை, அலுவலக ஊழியருக்குக் கிழமைக்கு 45. “அப்ப 95 எண்டா ரெண்டாள் வேலை, மேல அஞ்சு மணித்தியாலம். ஓவர்டைம்?”

“இல்ல மாமா.”

“யூனியன்?”

“இல்ல மாமா, போனஸ் இருக்கு.”

போனஸ் பொய்யில்லை. வீட்டுக்கு ஓடு மாற்றியதும், தங்கையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பியதும் அதுதான். இன்னொரு லாபமும் உண்டு, அதை வெளியில் சொல்லமாட்டார்: ஒரு சீமெந்துக் கொம்பனி எங்கே உழைக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று மூன்று கிழமையில் பிடித்துவிடுவார். முப்பது வயதுக்குள் அந்தக் கண் வேறெந்த உத்தியோகத்தில் வரும்? பேரம் முடிந்தால் கண்ணாடிக்கட்டி போலொரு நினைவுச்சின்னம் கொடுப்பார்கள். தொழிலில் அதற்குப் பெயர் ‘டூம்ஸ்டோன்’, கல்லறைக்கல். அம்மா அதைச் சாமித்தட்டில் கோணேசர் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பெயரின் பொருளை இன்னும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

2022 ஏப்ரல் 12 அன்று நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தபின், மாமாவுக்கு இந்தத் தொழில்மேல் தனிக் கோபம். 2007இல் முதன்முதல் 50 கோடி டொலர் சர்வதேசப் பிணைமுறியை விற்றுக் கொடுத்தவை பெரிய வங்கிகள். பிறகு கடனை மறுசீரமைக்க அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னது லசார்ட், முறி வைத்திருந்தவர்களுக்கு ரொத்சைல்ட். “பந்தல் போடவும் கூலி, பிரிக்கவும் கூலியா?” பிள்ளை மறுக்கவில்லை, “அது வேற வேற கொம்பனி மாமா” என்று மட்டும் திருத்தினார்.

ஞாயிறு பின்னேரம், ரயிலுக்கு முன், சீட்டுப் பிடிக்கும் பெரியம்மா கொப்பியோடு வந்தார். “நீ பேங்க்தானே மகன், இதில பிழை இருக்கா பார்.” இருபது பேர், இருபது மாதம். இவர் மூன்றுதரம் கூட்டிப் பார்த்தார். ஒரு சதமும் பிசகவில்லை.

பிறகு அடிமட்டம் கேட்டு வாங்கி, கோடுகளை மட்டும் நேராக்கிக் கொடுத்தார்.