பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் பாகங்களை நம்பி வாங்கலாமா? சென்னை ரிச்சி தெருவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.
- வாசகர், சின்னமனூர்

பதில்: தாராளமாக வாங்கலாம். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்காமல் விடலாமா? ஹார்ட் டிஸ்க்குக்குப் பல் என்பது அது ஓடிய மணிக்கணக்கு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் கடையிலேயே தெரிந்துவிடும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 40,000 என்று காட்டினால், இரவு பகலாக நாலரை வருடம் உழைத்தது. அதிலேயே 'ரீஅலொகேட்டட் செக்டார்' (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்) எண்ணிக்கை பூஜ்யமாக இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பல்லை ராவி வயதைக் குறைப்பவர்களும் உண்டு. 2025 தொடக்கத்தில், ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளின் மணிக்கணக்கை யாரோ அழித்து, புதியவை என்று ஜெர்மனியில் விற்றது அம்பலமானது. ஆகவே பில்லில் சீரியல் எண் கட்டாயம் வேண்டும்.

பழைய பிராசஸருக்குப் பயப்பட வேண்டாம். ரேம் என்றால் மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளைப் போட்டு ஓர் இரவு ஓட விடுங்கள். பவர் சப்ளையை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். அது போகும்போது மதர்போர்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகும்!

ரிச்சி தெரு உங்கள் ஊரிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். தேனியிலோ மதுரையிலோ பழுதானால் மாற்றித் தரும் கடை இருந்தால், சில நூறு ரூபாய் கூடினாலும் அங்கேயே வாங்குங்கள்.