மாப்பிள்ளை உயிரோடுதான் இருக்கிறார்

2022 செப்டம்பரில் ஹரியானாவின் ரோத்தக் நகரில் 102 வயது மாப்பிள்ளை ஒருவர் ஊர்வலம் போனார். கழுத்தில் ரூபாய் நோட்டு மாலை, ரதம், பேண்டு வாத்தியம் எல்லாம் அமர்க்களம். பெண்தான் இல்லை. பெரியவருக்குக் கல்யாண ஆசை ஒன்றும் வந்துவிடவில்லை. அரசாங்கக் கணினி அவரைச் செத்தவர் கணக்கில் எழுதி முதியோர் பென்ஷனை நிறுத்தியிருந்தது. காகிதங்களைக் காட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. “உங்க மாமா இன்னும் உயிரோடுதான் இருக்கார்” என்று எழுதிப் பிடித்துக்கொண்டு வீதிக்கு வந்தார். பேண்டு சத்தம் கேட்ட பிறகுதான் அரசுக்குக் காது கேட்டது, பென்ஷனும் திரும்பியது.

பேண்டுக்காரருக்குக் கொடுக்கக் காசில்லாத பிணங்கள் என்ன செய்யும்? ஹரியானாவின் ‘பரிவார் பெஹ்சான் பத்ர’ என்ற குடும்ப அடையாளத் தகவலை நம்பி நிறுத்தப்பட்ட பென்ஷன்கள் 63,353. அவற்றை வாங்கிவந்தவர்களில் 44,050 பேர் தகுதியானவர்கள்தான் என்று பிற்பாடு தெரிந்தது. பத்துக்கு ஏழு தப்பு. பத்து இட்லியில் ஏழு கல்லாக விழுகிற கடைக்கு மறுநாள் யார் போவார்கள்? அரசாங்கமோ இதற்கு ‘நல்லாட்சி’ என்று பெயர் சூட்டி விழா எடுக்கும்.

தெலங்கானாவின் இயந்திரத்துக்கு ‘சமக்ர வேதிகா’ என்று பெயர். பெயரிலேயே ஒரு யாக வாசனை. வண்டிப் பதிவு, சொத்து வரி, மின்கட்டணம் என்று பல துறைக் கணக்குகளையும் ஒன்றாகக் கொட்டி, பெயரும் முகவரியும் ஏறக்குறைய ஒத்துப்போனால் இருவரும் ஒரே ஆள்தான் என்று முடிவுகட்டும். ஹைதராபாத்தில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவர் அப்படித்தான் ஒரே இரவில் கார் முதலாளி ஆனார். கார் வேறொருவருடையது, பெயர்தான் கொஞ்சம் ஒத்துப்போயிற்று. கார் வீட்டுக்கு வரவில்லை, ரேஷன் அரிசி மட்டும் போய்விட்டது. 2014 முதல் 2019 வரை அந்த மாநிலத்தில் ரத்தான உணவு அட்டைகள் 18 லட்சத்துக்கும் மேல். ஒரு நோட்டீஸ்கூடக் கிடையாது. வீடுவீடாகப் போய்ச் சரிபாருங்கள் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. இத்தனைக்கும் கிராமத்துத் தலையாரிகூட வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ரிப்போர்ட் எழுதுவார்.

கணக்குத் தப்பி ஒரு விதவைக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி கூடுதலாகப் போய்விட்டது என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா? கார் யாரிடம் இருக்கிறது என்று தேடச் சொன்னார்கள், இயந்திரம் தேடியது. அட்டையே இல்லாமல் பட்டினி கிடப்பவர் யார் என்று தேடச் சொன்னது யார்? அதற்கும் அதே கணினி போதும், அதே தகவல் போதும். மனசுதான் வேண்டும், அதற்கு டெண்டர் விடவில்லை.

சரி, இயந்திரம் எப்படி முடிவெடுக்கிறது என்று கேட்கலாமென்றால், அது கம்பெனி ரகசியம். உங்கள் சாதி, வருமானம், கரண்ட் பில் எதுவும் ரகசியமில்லை, அதை வைத்து உங்கள் சோற்றைப் பிடுங்கிய கணக்கு மட்டும் ரகசியம். 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்ததே என்பீர்கள். வந்தது. மானியம் வழங்குவதற்காக அரசு தன் கணினியில் ஏற்கெனவே உள்ள தகவலை எடுத்துக்கொள்ள உங்கள் சம்மதம் தேவையில்லை என்று அதில் இருக்கிறது. விரும்பிய அரசு அமைப்புக்கு மத்திய அரசு மொத்தமாக விலக்கே கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. பால்சட்டிக்குப் பூனையைக் காவல் வைத்ததோடு, திறந்து பார்க்கும் அதிகாரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு நல்ல இயந்திரத்தை ஏழைகளுக்கே தருவது ஓரவஞ்சனை. சட்டமன்றங்களில் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். உறுப்பினர் பெயரையும் வங்கிக் கடனை விழுங்கியவர் பெயரையும் ஒப்பிடட்டும். இனிஷியல் ஒத்துப்போனால் போதும், சம்பளம் கட், படி கட், பென்ஷன் கட். நோட்டீஸ் கூடாது. நான் அவனில்லை என்று நிரூபிக்க ஐயா அவர்கள் ஆதார் நகலோடு கவுண்டரில் வரிசையில் நிற்கட்டும். உள்ளே இருக்கிற பையன் தலை நிமிராமல் சொல்வான்: “சிஸ்டத்துல அப்படித்தான் சார் காட்டுது. நெட் இல்ல, திங்கக்கிழமை வாங்க.”