வெயிலுக்கு ஒரு பதில்

கேள்வி: பிள்ளைகளோடு பின்னவல யானைகள் காப்பகத்துக்குப் போகிறோம். சன்ஸ்கிறீன் லோஷன் பூசத்தான் வேண்டுமா? (ரம்புக்கனை வாசகி)

பதில்: யானைகள் மா ஓயாவில் குளிக்க இறங்குவது காலை 10 மணிக்கும் பகல் 2 மணிக்கும். நீங்கள் யானையைப் பார்க்கும் நேரம்தான் சூரியன் உங்கள் பிள்ளையைப் பார்க்கும் நேரம். பூசுங்கள். எஸ்.பி.எஃப். 30 போதும், எரிக்கும் கதிரில் 97 வீதத்தை அது தடுக்கும், 50 தடுப்பது 98 வீதம். அந்த ஒரு வீதத்துக்குக் காசைக் கொட்டுவதைவிட, வாங்கியதைத் தாராளமாகப் பூசுவது நல்லது. புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசிவிடுங்கள். காதுமடல், பிடரி, புறங்கால் மூன்றையும் எல்லா அம்மாமாரும் மறப்பார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். தண்ணீரில் இறங்கி ஏறினால் உடனே.

கேள்வி: அப்போ யானைக்கு யார் பூசுவது?

பதில்: தானே பூசிக்கொள்ளும். குளித்து ஏறியதும் மண்ணை அள்ளி முதுகில் போடுகிறதே, வெயிலுக்கும் பூச்சிக்கும் அதுதான் காப்பு. குளித்தால் திரும்பப் பூச வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. நமக்குத்தான் போத்தலில் அச்சடிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: கறுத்த பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?

பதில்: கறுப்புத் தோலில் காவல் உண்டு, ஆனால் முழுக்காவல் இல்லை. வெள்ளைத் தோலைவிடப் புற்றுநோய்ப் பயம் மிகக் குறைவு. எரிவும் திட்டும் வரத்தான் செய்யும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு 7 பாகைதான் வடக்கே. ஏப்ரல் முற்பகுதியில் நடுப்பகலில் சூரியன் நேரே உச்சியில் நிற்கும்.

கேள்வி: பூசினால் வெள்ளையாகுமா?

பதில்: ஆகாது. ஆக்கும் என்று விற்கிற கிறீமைப் பிள்ளையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்த வகையில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது.

கேள்வி: பிள்ளைமடுவத்தில் விடும் நாலு மாதக் குழந்தைக்கு?

பதில்: ஆறு மாதம் வரை லோஷன் வேண்டாம். நிழல், மெல்லிய பருத்திச் சட்டை, தொப்பி.

கேள்வி: லோஷன் விலைக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி வருகிறது. (தோட்டத்துத் தகப்பன்)

பதில்: லோஷன் கடைசிக் காவல்தான் ஐயா. அகலத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் நிழலும்தான் முதல் காவல். போட்டியன்று கொடிக்கம்பத்தடியில் பிள்ளைகள் அணிவகுத்து நிற்க, பிரதம விருந்தினர் பந்தலுக்குள் சோடா குடிக்கிறார். அதிபர்மாரே, அணிவகுப்பைக் காலை எட்டு மணிக்கே முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் பந்தலைப் பிள்ளைகளுக்குப் போடுங்கள்.