பஸ்ஸுக்கு நேரமில்லை, மீனுக்கு உண்டு

லிமா, பெரு

அன்புள்ள அத்தைக்கு,



"அந்த ஊர்ல மழையெல்லாம் உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள். கடலோரத்திலேயே உட்கார்ந்துகொண்டு மழையைக் கண்ணில் காணாத ஊர் இது. ஜூன் பிறந்தால் வானம் மாதக்கணக்கில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். விழுவதென்னவோ சட்டைக் காலர்கூட நனையாத தூறல். குடை வியாபாரி இங்கே பிழைக்க முடியாது.

பஸ் கதை கேளுங்கள். 'கோம்பி' என்று வேன்கள் ஓடுகின்றன. கண்டக்டர் கதவில் தொங்கியபடி, போகிற தெருப் பெயரையெல்லாம் ஒரே மூச்சில் கத்துவார். உள்ளே எள் போட இடமிருக்காது. "பின்னாடி இடம் இருக்கு" என்பார். அதையே தலைப்பாக வைத்து 2009-ல் ஒரு டிவி சீரியல் ஆரம்பித்து, சக்கைப்போடு போட்டிருக்கிறார்கள்.

கோம்பிக்கு நேர அட்டவணை கிடையாது. அதற்குப் பதில் சாலையோரத்தில் நோட்டும் பேனாவுமாக ஓர் ஆள் நிற்கிறார். "முன்னாடி வண்டி போய் நாலு நிமிஷம்" என்று அவர் குரல் கொடுக்க, டிரைவர் ஜன்னல் வழியே ஒரு காசை நீட்டிவிட்டு, மிதிப்பதா ஊர்வதா என்று முடிவு செய்வார். 'தத்தேரோ' என்று பேர். இதுவும் ஓர் உத்தியோகம்! மாமாவிடம் சொல்லுங்கள், ரிட்டயரானதிலிருந்து திண்ணையில் உட்கார்ந்து அவர் பார்க்கிற வேலைதான், சம்பளம் மட்டும் வரவில்லை.

சாப்பாட்டுக்கு மட்டும் கறாரான நேரம் உண்டு. செவிச்சே என்பது பச்சை மீன். எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய், வெங்காயம், அவ்வளவுதான், அடுப்புக்கே வேலையில்லை. பக்கத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. காலையில் பிடித்த மீன் மதியத்தோடு தீர வேண்டும் என்பது பழைய வழக்கம். ஃபிரிட்ஜ் வந்த பிறகும், ராத்திரியில் செவிச்சே கேட்டால் ஆளை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

பொழுது சாய்ந்தால் தெருமுனையில் கரியடுப்பு. குச்சியில் கோத்த மாட்டு இதயத்துக்குச் சோளத் தோகையால் மசாலா தடவிச் சுடுகிறார்கள். (பாட்டிக்குக் கடிதம் படித்துக் காட்டும்போது இந்த இடத்தில் கொஞ்சம் இருமிவிடுங்கள்.)

பக்கத்திலேயே பிக்கரோன் போடுகிற அம்மா. பூசணியும் சர்க்கரைவள்ளியும் சேர்த்துப் பிசைந்து புளிக்கவைத்த மாவு. ஈரக்கையால் அள்ளி, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெயில் விடுகிறார். குச்சியை ஓட்டைக்குள் விட்டு ஒரு சுழற்று, புரட்டி எடுத்து, தலையில் பாகு ஊற்றுகிறார். நம் மெதுவடைக்குப் பெரியப்பா பெண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கிருந்து நகர்வதற்குள் கோம்பி போய்விடும், போகட்டும்.

சுர்க்கீயோ மார்க்கெட் ஜூஸ் கடையில் ஒரு டம்ளர் குடித்து முடித்தால், மிக்ஸியில் மிச்சமிருப்பதைக் காசில்லாமல் ஊற்றுகிறார்கள். கொசுறு கொடுக்கிற ஊரை எப்படிக் குறை சொல்வது? ஆனால் உருளைக்கிழங்கில் 3000 ரகத்துக்கு மேல் வைத்திருக்கிற இந்த நாட்டில், மசாலா போட்டு ஒரு ரோஸ்ட் செய்ய ஆளில்லை. அந்தக் குறையை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பெருங்காயமும் கறிவேப்பிலைப் பொடியும் கொடுத்தனுப்புங்கள். மிளகாய்ப்பொடி வேண்டாம், மிளகாயே இந்தக் கண்டத்திலிருந்து அங்கே வந்த சரக்குதான்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்